ஒண்ணே முக்கால் வயசுல நீச்சல் கிளாஸ்: பயம் போகும், ஆனா உங்க கண்ணு மட்டும் நகரக்கூடாது

"பொண்ணுக்கு ஒரு வயசு பத்து மாசம், தலைக்கு தண்ணி ஊத்துனாலே ஊரைக் கூட்டுறா, இப்பவே நீச்சல் கிளாஸ்ல சேர்த்தா பயம் போகுமா, தெரியாம தண்ணில விழுந்தாலும் தப்பிச்சுக்குவாங்கற நிம்மதி கிடைக்குமா"னு கேட்டிருக்கீங்க. பயம் போகும், கொஞ்சம் நாள் எடுக்கும் ஆனா போகும். அந்த நிம்மதி மட்டும் கிடைக்காது, கிடைச்சுட்டா அதுதான் பிரச்சனையே. நான் பதினோரு வருஷமா அம்மாவோ அப்பாவோ கூட இறங்குற குட்டிப் பசங்க பேட்ச் எடுக்கறேன், அந்த பேட்ச்ல முதல்ல கத்துக்கறது குழந்தை இல்ல, குழந்தையத் தூக்கிட்டு நிக்கறவங்கதான். அதனால பதில்ல பாதி உங்களைப் பத்திதான் இருக்கும், தப்பா எடுத்துக்காதீங்க.

முதல்ல வயசு. முன்னாடியெல்லாம் அமெரிக்க குழந்தைகள் நல மருத்துவர்கள் அகாடமியே 4 வயசுக்கு முன்னாடி நீச்சல் சொல்லித்தர வேண்டாம்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க. 2010ல அதைத் தளர்த்துனாங்க, 2019ல வெளியிட்ட அறிக்கைல 1 வயசுக்கு மேல நிறைய குழந்தைங்களுக்கு ஆரம்பிக்கலாம்னு தெளிவாவே சொல்லிட்டாங்க. அதுக்கு ஒரு முக்கிய காரணம் 2009ல வந்த ஒரு ஆய்வு, 1 முதல் 4 வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்கள்ல முறையா நீச்சல் கிளாஸ் போனவங்களுக்கு மூழ்குற ஆபத்து 88 சதவீதம் கம்மியா இருந்துச்சுன்னு. இந்த 88ஐ மட்டும் புடிச்சுக்கிட்டு நிறைய கிளாஸ்காரங்க போஸ்டர் அடிக்கறாங்க. ஆனா அதுல இருந்த குழந்தைங்க எண்ணிக்கை ரொம்ப கம்மி, கணக்குப்படி உண்மையான பலன் 3 சதவீதத்துலேர்ந்து 99 சதவீதம் வரைக்கும் எங்க வேணா இருக்கலாம், அது அந்த ஆய்வுலயே இருக்கு. பலன் இருக்குங்கறது சரி, எவ்ளோங்கறதுல அடக்கி வாசிக்கணும். 1 வயசுக்கு கீழ இருக்கற குழந்தைங்களுக்கு கிளாஸ் போனதால ஆபத்து குறைஞ்சதுன்னு ஆதாரமே கிடையாது, தண்ணில சும்மா விளையாட கூட்டிட்டு போகலாம், அவ்ளோதான். ஆறு மாசக் குழந்தை தண்ணிக்குள்ள கண்ண முழிச்சுக்கிட்டு நீந்துற மாதிரி வீடியோ வருதே, அது நீச்சல் இல்ல, முகத்துல தண்ணி பட்டா தொண்டைய மூடிக்கற ஒரு அனிச்சை செயல், கொஞ்ச மாசத்துல தானா மங்கிடும்.

உங்க பொண்ணு வயசு சரியான வயசுதான். கழுத்து நல்லா நிக்குது, நடக்கறா, நீங்க சொல்றது புரியுது, "வேண்டாம்"னு சொல்லத் தெரியுது. அந்த "வேண்டாம்" ரொம்ப முக்கியம், அப்புறம் வர்றேன்.

தலைக்கு ஊத்துனா அழறது பயம்னு சொல்றதை விட அதிர்ச்சின்னு சொல்லலாம். பெரியவங்க பண்றது என்னன்னா குழந்தை வேற எங்கயோ பாத்துட்டு இருக்கும், பின்னாடி வந்து ஒரு மக் தண்ணிய நேரா தலைல ஊத்துவோம், மூச்சு இழுக்கற நேரமா பாத்து தண்ணி மூக்குல போய் புரை ஏறும், அப்புறம் மக்கைப் பாத்தாலே கத்தாம என்ன பண்ணும். நான் கிளாஸ்க்கு வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே வீட்ல ஒரு வேலை குடுப்பேன். முதல்ல மக்கை குழந்தை கைல குடுங்க, அது உங்க தலைல ஊத்தட்டும், நீங்க தண்ணி வழியற முகத்தோட சிரிங்க, இதுக்கே மூணு நாள். அப்புறம் அவ தோள்ல, அப்புறம் பின்கழுத்துல, அப்புறம்தான் உச்சந்தலைல, ஒவ்வொரு தடவையும் ஊத்தறதுக்கு முன்னாடி ஒரே வார்த்தைய ஒரே ராகத்துல சொல்லணும், "ஒண்ணு, ரெண்டு, மூணு... ஊத்தறேன்". மூணு சொல்லிட்டு ஊத்தாம இருக்கவும் கூடாது, ரெண்டுலயே ஊத்தவும் கூடாது, ஏன்னா குழந்தை அந்த எண்ணிக்கைய வச்சுத்தான் மூச்சை அடக்கக் கத்துக்குது, பத்து பதினஞ்சு நாள்ல மூணு சொன்னதும் அதுவே கண்ணையும் வாயையும் இறுக்கி மூடிக்கும், அதைப் பாக்கும்போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்க. ஊத்துனதும் உடனே துண்டால முகத்தைத் தொடைக்காதீங்க. தொடைச்சா "முகத்துல தண்ணி இருக்கறது ஏதோ ஆபத்து போல"ன்னு நாமளே சொல்லிக்குடுத்த மாதிரி ஆயிடும், கண்ணை சிமிட்டி அதுவே சரி பண்ணிக்கட்டும்.

அடுத்தது ஊதறது. தண்ணி மேல ஒரு சின்ன பந்தை வச்சு ஊதித் தள்ள விடுங்க, வாய் தண்ணியத் தொடட்டும், அப்புறம் வாய உள்ள வச்சு குமிழி விடட்டும். தண்ணிக்குள்ள மூச்சை வெளிய விடத் தெரிஞ்சாத்தான் பின்னாடி எல்லாமே. இந்த வயசுல நிறைய பேரு ஊதறதுக்கு பதிலா உறிஞ்சிடுவாங்க, இருமுவாங்க, பரவால்ல, "அச்சச்சோ"ன்னு பதறாதீங்க.

இப்ப பூலுக்கு வருவோம். முதல் நாள் குழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு சும்மா நடங்க, அதுதான் கிளாஸ். ரெண்டாவது மூணாவது நாள்ல அக்குளுக்கு கீழ ரெண்டு கையால புடிச்சுக்கிட்டு, உங்க முகமும் குழந்தை முகமும் ஒரே மட்டத்துல இருக்கற மாதிரி நீங்க தோள் வரைக்கும் தண்ணில இறங்கணும். நீங்க நட்டுக்குத்தலா நின்னுக்கிட்டு குழந்தைய மட்டும் தண்ணில விட்டா அது உங்க மேல ஏறத்தான் பாக்கும், கழுத்தைப் பிராண்டும். அரை மணி நேரத்துக்கு மேல வேண்டாம், உதடு நீலமானாலோ நடுக்கம் வந்தாலோ கோச் சொல்றதுக்கு காத்திருக்காம வெளிய வந்துடுங்க. போட்டி நீச்சல் பூல்ல தண்ணி 25 முதல் 28 டிகிரி இருக்கும், இந்த வயசு குழந்தைங்களுக்கு அது ரொம்ப சில்லுனு இருக்கும், 30 முதல் 34 டிகிரி வரைக்கும் வேணும். பாதி அழுகை குளிராலதான், பயத்தால இல்லன்னு எனக்கு லேட்டாதான் புரிஞ்சுச்சு.

மல்லாக்க மிதக்கறதுதான் பெரிய சண்டை. அழவே அழாத குழந்தை கூட மல்லாக்க படுக்க வச்சா வில்லு மாதிரி வளைஞ்சு எந்திரிக்கும். காது தண்ணிக்குள்ள போயிடும், சத்தம் மாறும், உங்க முகம் தெரியாது, பேலன்ஸ் போன மாதிரி இருக்கும். அதனால நேரா கைல படுக்க வைக்காம குழந்தையோட தலை உங்க தோள்ல இருக்கட்டும், உங்க கன்னமும் அது கன்னமும் ஒட்டிக்கிட்டு இருக்கட்டும், நீங்களும் கூடவே சாஞ்சு கூரையைப் பாத்துக்கிட்டே காதுல மெதுவா பாடுங்க. அஞ்சு எண்ற வரைக்கும் போதும். ரெண்டு மாசத்துல தலை தோள்லேர்ந்து உள்ளங்கைக்கு இறங்கும். அதுக்கு மேல அவசரப்படுத்துனா திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

"தூக்கிப் போடுங்க, தானா நீந்தும்"னு யாராவது சொல்லியிருப்பாங்க, எல்லா குடும்பத்துலயும் ஒருத்தர் இருப்பார். தயவு செஞ்சு கேக்காதீங்க. குழந்தை கைய கால உதைச்சு மேல வந்துச்சுன்னா அது கத்துக்கிச்சுன்னு அர்த்தம் இல்ல, பயந்து போயிருக்குன்னு அர்த்தம், அதோட மூச்சுக்குழல்ல தண்ணி போச்சா இல்லையான்னு வெளிய நிக்கற யாருக்கும் தெரியாது. திரும்பத் திரும்ப முக்கி எடுக்கறதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு, சின்னக் குழந்தை நிறைய தண்ணிய முழுங்கிடுச்சுன்னா ரத்தத்துல சோடியம் குறைஞ்சு போகும், சிடுசிடுப்பு, வாந்தி, தூக்கக் கலக்கம், ரொம்ப மோசமானா வலிப்பு வரைக்கும் போகலாம். அதனால தலைய உள்ள கொண்டு போறது குழந்தை தயாரானப்புறம், எண்ணிச் சொல்லிட்டு, ஒரு செகண்ட், ஒரு கிளாஸ்க்கு ரெண்டு மூணு தடவை, அவ்ளோதான். அவ "வேண்டாம்"னா அன்னிக்கு வேண்டாம். தண்ணி விஷயத்துல அவ சொல்றதை நீங்க கேட்டீங்கன்னாத்தான் நீங்க சொல்றதை அவ கேப்பா.

ஏன்னா நான் நீச்சலை விட பெரிசா நினைக்கற பாடம் ஒண்ணு இருக்கு: கேக்காம இறங்கக்கூடாது. பூல் ஓரத்துல உக்காரணும், பேரைக் கூப்பிட்டு "வா"ன்னு சொன்னாத்தான் வரணும். முதல் நாள்லேர்ந்து, ஒவ்வொரு தடவையும், வீட்ல பாத் டப்புக்கும் இதே சட்டம்தான். அப்புறம் குதிச்சதும் உடம்பைத் திருப்பி, குதிச்ச சுவரையே வந்து புடிக்கறது. குழந்தை பெரும்பாலும் ஓரத்துலேர்ந்துதான் விழும், ஓரம் பக்கத்துலயேதான் இருக்கும், ஆனா விழுந்த குழந்தை எந்தப் பக்கம் பாத்து விழுந்துச்சோ அந்தப் பக்கமே போகும், அதாவது ஆழத்துக்கு. திரும்பிப் புடிக்கறதை நூறு தடவை விளையாட்டா பண்ண வச்சா ஒரு பழக்கமா படியும். சுவரைப் புடிச்சுக்கிட்டே கைய மாத்தி மாத்தி நகர்ந்து படி வரைக்கும் போறதும் அப்படித்தான், மூணு வயசுக்குள்ள நிறைய பேருக்கு வந்துடும்.

இதுல யாரும் சொல்லாத ஒரு விஷயம் சொல்றேன். கிளாஸ் ஆரம்பிச்சு ரெண்டு மூணு மாசத்துல குழந்தைக்கு பயம் போயிருக்கும், ஆனா திறமை வந்திருக்காது. முன்னாடி தண்ணியப் பாத்தா உங்க காலைக் கட்டிக்கிட்டவ இப்ப தண்ணியப் பாத்தா ஓடுவா. அதாவது கிளாஸ் சேர்த்த கொஞ்ச நாள்ல ஆபத்து குறையறதுக்கு பதிலா கூடவே செய்யலாம், அந்த நேரத்துலதான் பெத்தவங்களும் "அதான் கிளாஸ் போறாளே"ன்னு கொஞ்சம் அசால்ட்டா இருப்பாங்க. நடுவுல நாலு மாசம் கிளாஸை விட்டா கத்துக்கிட்டதும் பாதி மறந்துடும், தைரியம் மட்டும் மறக்காது. பூல்ல டிரஸ் இல்லாம, வெதுவெதுப்பான தண்ணில, அம்மா கைல நல்லா மிதக்கற குழந்தை, கவுனோட, ஷூவோட, குளிர்ந்த தண்ணில தடுமாறி விழும்போதும் மிதக்கும்னு யாரும் உத்தரவாதம் குடுக்க முடியாது. குடுக்கற கோச் கிட்ட சேர்க்காதீங்க.

என் கதைய சொல்றேன். என் பையனுக்கு ரெண்டு வயசு, முட்டி அளவு தண்ணி உள்ள பூல், நான் ஓரத்துல உக்காந்திருந்தேன், துண்டு எடுக்கத் திரும்புனேன். திரும்பிப் பாத்தா உக்காந்திருந்த இடத்துல இல்ல, வழுக்கி மல்லாக்க போயிட்டான், கண்ணு திறந்திருக்கு, வாய் தண்ணிக்குள்ள, என்னையே பாக்கறான். ஒரு சத்தம் இல்ல, ஒரு துளி தெறிக்கல. நாலு செகண்ட் இருக்குமா, தூக்குனதும் இருமுனான், அழுதான், ஒண்ணும் ஆகல. ஆனா பக்கத்துலயே ஆறு பெரியவங்க இருந்தாங்க, ஒருத்தரும் பாக்கல, அதுல ஒருத்தி நீச்சல் சொல்லித்தர்ற நான்.

மூழ்கறதுன்னா கைய ஆட்டி "காப்பாத்துங்க"ன்னு கத்துவாங்கன்னு சினிமா பாத்து நினைச்சுட்டு இருக்கோம். ஃபிராங்க் பியான்னு ஒரு அமெரிக்க லைஃப்கார்ட், வருஷக்கணக்கா மீட்பு வீடியோக்களைப் பாத்து எழுதுனார், மூழ்கறவங்களால கூப்பிட முடியாது, ஏன்னா பேசறதுக்கு முன்னாடி மூச்சு வேணும், வாய் தண்ணிக்கு மேல வர்ற அந்த நொடில மூச்சை இழுக்கறதுக்கே நேரம் பத்தாது. கைய ஆட்டவும் முடியாது, கை தானா பக்கவாட்டுல தண்ணிய அழுத்தும். தண்ணிக்கு மேல அந்தப் போராட்டம் 20 முதல் 60 செகண்டுக்குள்ள முடிஞ்சுடும்னு சொன்னார். ரெண்டு வயசுக் குழந்தைக்கு அந்தப் போராட்டம் கூட இருக்காது. அதனால "சத்தம் கேட்டா ஓடிடலாம்"ங்கற நினைப்பை இன்னிக்கே விட்டுடுங்க. விளையாடற குழந்தை சத்தம் போடும். சத்தம் நின்னாத்தான் ஓடணும்.

உலக சுகாதார நிறுவனம் கணக்குப்படி 2021ல உலகம் முழுக்க ஏறத்தாழ 3 லட்சம் பேர் மூழ்கி இறந்திருக்காங்க, அதுல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் 5 வயசுக்கு கீழ உள்ள குழந்தை. இதுல நிறைய பேரு நீந்தப் போனவங்களே இல்ல. நீந்தற நேரத்துல எல்லாரும் பாத்துட்டு இருப்போம், நீந்தாத நேரத்துலதான் நடக்கும். இந்த வயசுல உடம்போட அளவுக்கு தலை கனம் ஜாஸ்தி, பக்கெட்டுக்குள்ள எட்டிப் பாத்து தலைகீழா போச்சுன்னா கையூனி எந்திரிக்க தெம்பு கிடையாது, 5 சென்டிமீட்டர் தண்ணி இருந்தாலே மூக்கும் வாயும் மூழ்கிடும். வீட்ல துணி ஊற வச்ச பக்கெட், துடைக்கற தண்ணி, மூடாத டிரம், ஊதற பிளாஸ்டிக் டப், தோட்டத்துல இருக்கற சின்ன குட்டை, இதெல்லாம் முதல்ல. வேலை முடிஞ்சதும் கொட்டிட்டு கவுத்து வைங்க, பாத்ரூம் கதவுக்கு குழந்தை எட்டாத உயரத்துல ஒரு தாழ்ப்பாள் போடுங்க. பூல் இருக்கற இடமா இருந்தா நாலு பக்கமும் வேலி, குறைஞ்சது 1.2 மீட்டர் உயரம், தானா மூடி தானா பூட்டிக்கற கேட். வீட்டுச் சுவரையே நாலாவது பக்கமா விட்டா அது வேலி ஆகாது, குழந்தை வீட்டுக்குள்ளேர்ந்துதானே வரும். விளையாடி முடிச்சதும் பந்து, வாத்து எல்லாத்தையும் தண்ணிலேர்ந்து எடுத்துடுங்க, அதை எடுக்கத்தான் திரும்பிப் போகும்.

கைல மாட்டுற காத்தடிச்ச பேண்ட் பத்தியும் கேட்டிருந்தீங்க. அது பொம்மை, பாதுகாப்பு சாதனம் இல்ல. காத்து இறங்கும், கழண்டு வரும், அதை விட மோசம், குழந்தைய நட்டுக்குத்தலா தொங்க விட்டு "தண்ணின்னா இப்படித்தான் நிக்கணும்"னு பழக்கிடும், அது நிஜமா மூழ்கற நிலை. ஒரு வருஷம் அது மாட்டிப் பழகுன குழந்தைய படுக்க வைக்க நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். கழுத்துல மாட்டுற வளையம் வேண்டவே வேண்டாம், 2022ல எஃப்டிஏவே (அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிங்களைக் கண்காணிக்கற அரசு அமைப்பு) அதுக்கு எச்சரிக்கை விட்டுச்சு. படகு, ஆறு, கடல்னு போனா சான்று உள்ள லைஃப் ஜாக்கெட், எடைக்கு ஏத்த சைஸ், கால் நடுவுல பட்டை இருக்கணும். போட்டுட்டு தோள்ல புடிச்சுத் தூக்கிப் பாருங்க, தாடையத் தாண்டி மேல போச்சுன்னா அது பெரிசு. அதைப் போட்டாலும் பக்கத்துலயே இருக்கணும்.

பக்கத்துலன்னா கை எட்டற தூரம். செயர்ல உக்காந்து பாக்கறது பாக்கறதே இல்ல. நாலு பேரு இருக்கற இடத்துல "எல்லாரும் பாத்துக்கறாங்க"ன்னா யாரும் பாக்கலன்னு அர்த்தம், அதனால கால் மணி நேரத்துக்கு ஒருத்தர்னு முறை வச்சுக்கிட்டு, "இப்ப நீ பாக்கற"ன்னு வாயால சொல்லி, அவர் "சரி, நான் பாக்கறேன்"னு சொன்னப்புறம்தான் நகரணும். பாக்கறவர் கைல ஃபோன் இருக்கக்கூடாது.

டிரஸ் வாங்கறப்ப நீலம், வெள்ளை, வெளிர் கலர் வேண்டாம், தண்ணிக்குள்ள போனா கண்ணுக்கே தெரியாது, பளிச்சுனு ஆரஞ்சு இல்ல ரோஸ் எடுங்க. ஸ்விம் டயப்பர் கெட்டியானதைத்தான் புடிச்சு வைக்கும், வயித்துப்போக்கு கிருமிய தடுக்காது. கிரிப்டோன்னு ஒரு கிருமி குளோரின் தண்ணிலயே ஒரு வாரத்துக்கு மேல உயிரோட இருக்கும், அதனால வயிறு சரியில்லன்னா கிளாஸ்க்கு லீவு. மூக்கைத் துளைக்கற குளோரின் வாசனை வந்தா சுத்தமான பூல்னு நினைக்காதீங்க, வேர்வையும் மூத்திரமும் குளோரினோட சேர்ந்தாதான் அந்த நெடி வரும். வலிப்பு வர்ற குழந்தை, காதுல டியூப் வச்ச குழந்தைன்னா சேர்க்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பேசிடுங்க.

கிளாஸ் தேடறப்ப சேர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் போய் சும்மா உக்காந்து பாருங்க. அழற குழந்தைய அந்த கோச் என்ன பண்றாங்கன்னு மட்டும் பாத்தா போதும், மத்ததெல்லாம் அதுலயே தெரிஞ்சுடும்.

கடைசியா, நீங்க கேக்காத ஆனா தெரிஞ்சுக்க வேண்டிய ஒண்ணு. தண்ணிலேர்ந்து எடுத்த குழந்தைய தலைகீழா புடிச்சு சுத்தறது, வயித்தை அமுக்கி தண்ணி எடுக்கறது, ரெண்டும் கூடவே கூடாது. நேரம் வீணாகும், வயித்துல இருக்கறது வெளிய வந்து நுரையீரலுக்குள்ள போகும். கூப்பிட்டா அசைவில்ல, சரியா மூச்சில்லன்னா ஆம்புலன்ஸுக்கு ஒருத்தரை ஃபோன் பண்ணச் சொல்லிட்டு உடனே மூச்சு குடுக்கணும். மூழ்குனதுல முதல்ல போறது மூச்சு, அதனால முதல்ல மூச்சு: சில பயிற்சில 5 தடவைன்னு சொல்லித்தருவாங்க, சிலதுல 2, அப்புறம் நெஞ்சுல 30 அழுத்தம், 2 மூச்சுன்னு மாத்தி மாத்தி, நிமிஷத்துக்கு 100 முதல் 120 வேகத்துல, நெஞ்சோட ஆழத்துல மூணுல ஒரு பங்கு இறங்கற அளவுக்கு. இதைப் படிச்சா வராது, பொம்மை வச்சு கை வலிக்க வலிக்க அழுத்திப் பழகணும், பொண்ணைக் கிளாஸ்ல சேர்க்கற அதே மாசம் நீங்க ரெண்டு பேரும், அவளைப் பாத்துக்கற பாட்டியோ ஆயாவோ இருந்தா அவங்களும், ஒரு முதலுதவி வகுப்புக்குப் போயிட்டு வந்துடுங்க.

ஃபோன்ல "டிரை டிரௌனிங்"னு ஒரு மெசேஜ் சுத்தும், பூலுக்குப் போய் ஒரு வாரம் கழிச்சு குழந்தை இறந்துச்சுன்னு. அப்படி ஒரு நோய்ப் பேரே டாக்டருங்க வச்சுக்கறதில்ல. கொஞ்சம் புரை ஏறி இருமி, ரெண்டு நிமிஷத்துல பழையபடி விளையாட ஓடுனா விட்டுடலாம். ஆனா தண்ணிக்குள்ள போய் தூக்கி எடுக்கற மாதிரி ஆச்சு, அதுக்கப்புறம் சில மணி நேரத்துல இருமல் நிக்காம வருது, மூச்சு வேகமா வாங்குது, நெஞ்சு உள்வாங்குது, வாந்தி, வழக்கமில்லாத நேரத்துல தூங்கி வழியறா, இதுல எது இருந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு இல்லாம அப்பவே ஆஸ்பத்திரி.

இன்னிக்கு சாயங்காலம் குளிக்க வைக்கறப்ப மக்கை அவ கைல குடுத்து உங்க தலைல ஊத்தச் சொல்லுங்க. கண்ணை மூடிக்காதீங்க, பாத்துட்டு இருப்பா.